பத்திரிகைச் சுதந்திரத்துக்காக ஜெயிலுக்குப் போனது யார்? எழுதியவர்களா, விற்றவர்களா?

ஈயெழுத்து:

பத்திரிகைச் சுதந்திரம் என்று பேச்செடுத்தாலே பெரிய எழுத்தாளர்களின் பெயர்கள்தான் முதலில் வந்து நிற்கும். அவர்கள் எழுதியதெல்லாம் உயர்ந்த எழுத்துதான், மறுக்கவில்லை. ஆனால் 1817க்கும் 1836க்கும் இடையில் இங்கிலாந்தில் நடந்த வழக்குகளை வரிசையாகப் படித்தால், கூண்டில் நின்றவர்களில் எழுத்தாளர்கள் கொஞ்சம் பேர்தான். மற்றவர்களெல்லாம் அச்சடித்தவர்கள், கடையில் நின்று விற்றவர்கள், பத்திரிகைக் கட்டைத் தூக்கிக்கொண்டு தெருத்தெருவாகப் போனவர்கள். இந்தச் சுதந்திரத்தை வாங்கித் தந்தது அவர்கள்தான் என்பது என் கட்சி.

ரிச்சர்ட் கார்லைலை எடுத்துக்கொள்வோம். டெவன் மாவட்டத்துக்காரர், தகரவேலை செய்து பிழைத்தவர். 1817இல் வேலை மந்தமானபோது ஒரு பவுன் கடன் வாங்கி, 'பிளாக் டுவார்ஃப்' பத்திரிகையில் நூறு பிரதி வாங்கி, கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு லண்டன் முழுக்க நடந்து விற்றார். அப்படி ஆரம்பித்த மனிதர் இரண்டே வருடத்தில் ஃப்ளீட் தெருவில் கடை வைத்து, பைபிளைத் தாக்கித் தாமஸ் பெய்ன் எழுதிய 'ஏஜ் ஆஃப் ரீசன்' நூலையே வெளியிட்டுவிட்டார். 1819 ஆகஸ்ட் 16 அன்று மான்செஸ்டரில் நாடாளுமன்றச் சீர்திருத்தம் கேட்டுக் கூடிய பீட்டர்லூ கூட்டத்துக்குள் குதிரைப்படை பாய்ந்தபோது மேடையில் இருந்தவர்களில் அவரும் ஒருவர். லண்டன் திரும்பியதும் கண்ணால் கண்டதை அச்சில் போட்டார். ஆனால் அக்டோபரில் அவரைக் கூண்டில் ஏற்றியபோது குற்றச்சாட்டு, பெய்னின் நூலை வெளியிட்ட மத நிந்தனை.

விசாரணையில் அவர் செய்ததுதான் எனக்கு மிகவும் பிடித்த இடம். தற்காப்பு வாதம் என்ற பெயரில் தடைக்குரிய அந்தப் புத்தகத்தையே முதல் பக்கத்திலிருந்து நீதிமன்றத்தில் வாசித்தார். நீதிமன்றத்தில் நடந்ததை அப்படியே வெளியிடலாம் என்ற வழக்கம் அப்போது இருந்தது. ஆகவே அவர் மனைவி ஜேன், 'விசாரணை அறிக்கை' என்று தலைப்புப் போட்டு முழுப் புத்தகத்தையும் மலிவு விலையில் மறுபடி வெளியிட்டார். தடுக்கப் போன புத்தகம் முன்னைவிட அதிகமாக விற்றது.

தீர்ப்பு: மூன்று வருடச் சிறை, 1500 பவுன் அபராதம். அபராதம் கட்டவில்லை. அதனால் டார்செஸ்டர் சிறையில் ஆறு வருடம், 1825 நவம்பர் வரைக்கும். ஆனால் கடை மூடவில்லை. ஜேன் நின்றார், அவரைப் பிடித்தார்கள். கார்லைலின் தங்கை மேரி ஆன் நின்றார், அவரையும் பிடித்தார்கள். அப்புறம் கார்லைல் சிறையிலிருந்தே தன் 'ரிப்பப்ளிகன்' பத்திரிகை மூலம் ஆள் கேட்டார். லீட்ஸிலிருந்தும் இன்னும் எத்தனையோ ஊர்களிலிருந்தும் ஆட்கள் கிளம்பி வந்தார்கள், பிடிபடுவோம் என்று தெரிந்தே. ஒருவர் உள்ளே போனால் அடுத்தவர் வந்து அதே இடத்தில் நிற்பார்.

ஒரு கட்டத்தில் கடைக்குள் ஒரு மறைப்புக் கட்டினார்கள். அதில் கடிகார முகப்புப் போல ஒரு வட்டத் தகடு, சுற்றிலும் நூல்களின் பெயர்கள். வாங்க வருகிறவர் வேண்டிய பெயருக்கு நேராக முள்ளைத் திருப்பிக் காசை வைப்பார், புத்தகம் வந்து விழும். மறைப்புக்குப் பின்னால் நின்று விற்றது யார் என்று எந்த ஒற்றனாலும் சத்தியம் செய்து சொல்ல முடியாது. ஒரு புத்தகத்தை விற்க மனிதர்கள் இந்த அளவுக்கு யோசித்தார்கள் என்று நினைத்தாலே எனக்கு மெய்சிலிர்க்கிறது.

நண்பர்கள் என்ன நினைக்கிறீர்கள்?

---

சாட்சிக்கூண்டு:

நல்ல விஷயத்தை எடுத்திருக்கிறீர்கள். ஆனால் சட்டப் பக்கம் நின்று ஒரு மாற்றுக் கருத்து சொல்கிறேன். விற்றவர்கள் தியாகம் பெரியதுதான். அவர்களைக் காப்பாற்றியது நடுவர் குழு, அதாவது ஜூரி. ஜூரி இல்லாவிட்டால் இந்தத் தியாகமெல்லாம் வெறும் சிறைக் கணக்காகவே முடிந்திருக்கும்.

இங்கிலாந்தில் முன்அனுமதி வாங்கி அச்சடிக்கும் முறை 1695இலேயே காலாவதியாகிவிட்டது. அதற்குப் பிறகு அரசின் கையிலிருந்த ஆயுதம் ராஜ நிந்தனை வழக்கு, அதாவது அரசை இழிவுபடுத்தி வெளியிட்டதாகப் போடும் வழக்கு. அதில் எழுதியது உண்மை என்று நிரூபித்தாலும் தப்ப முடியாது. 'இதை அச்சிட்டு வெளியிட்டது இவர்தானா?' என்பதை மட்டும்தான் ஜூரி சொல்லலாம், அது நிந்தனையா இல்லையா என்பதை நீதிபதி முடிவு செய்வார் என்றே வெகுகாலம் வைத்திருந்தார்கள். 1735இல் நியூயார்க்கில் பீட்டர் செங்கர் என்ற அச்சகக்காரர் வழக்கில் ஜூரி இந்த வரம்பை மதிக்காமல் விடுதலை செய்தது. இங்கிலாந்தில் எர்ஸ்கின் என்ற வழக்கறிஞர் வருடக்கணக்காக மோதியபின், 1792இல் ஃபாக்ஸ் என்ற நாடாளுமன்ற உறுப்பினர் கொண்டுவந்த சட்டம்தான் முழுத் தீர்ப்பையும் ஜூரி கையில் கொடுத்தது.

அதன் பலன் 1817 டிசம்பர் 18, 19, 20 ஆகிய மூன்று நாளில் தெரிந்தது. வில்லியம் ஹோன் என்ற சிறிய புத்தகக் கடைக்காரர். பிரார்த்தனை நூலின் நடையில் மந்திரிகளைக் கேலி செய்து சில பிரசுரங்கள் போட்டார். ஒவ்வொன்றுக்கும் ஒரு வழக்கு, நாளுக்கு ஒன்றாக மூன்று விசாரணை. வக்கீல் வைக்க வசதியில்லை, தானே வாதாடினார். மேசை நிறையப் பழைய புத்தகங்களைக் கொண்டுவந்து அடுக்கினார். வேதத்தையும் பிரார்த்தனையையும் போலச் செய்து எழுதுவது லூதர் காலத்திலிருந்தே உண்டு, ஆளுங்கட்சிக்காரர்களே எழுதியிருக்கிறார்கள், அவர்கள் மேல் ஏன் வழக்கில்லை என்று ஒவ்வொன்றாக எடுத்து வாசித்தார். நீதிமன்றமே சிரித்தது. முதல் நாள் விடுதலை. இரண்டாம் நாள் தலைமை நீதிபதி எல்லன்பரோ பிரபுவே வந்து உட்கார்ந்தார், இது நிந்தனைதான் என்று ஜூரிக்கு வெளிப்படையாகவே சொன்னார். அன்றும் விடுதலை. மூன்றாம் நாளும் விடுதலை. ஹோனின் அந்தப் பிரசுரங்களை மறுஅச்சிட்ட குற்றத்துக்காக விசாரணையே இல்லாமல் உள்ளே இருந்தவர் யார் தெரியுமா? உங்கள் கார்லைல்தான். ஹோன் விடுதலையான பிறகுதான் அவரையும் விட்டார்கள்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். 1763இல் அரசைத் தாக்கி எழுதிய ஜான் வில்க்ஸின் 'நார்த் பிரிட்டன்' பத்திரிகையின் 45ஆம் இதழுக்காக, யார் பெயரும் போடாத பொது வாரண்டை எடுத்துக்கொண்டு போய் 49 பேரைப் பிடித்தார்கள். அதில் ஹக்கிள் என்று ஒரு அச்சுக்கூடத் தொழிலாளி. வாரம் ஒரு கினி, அதாவது ஒரு பவுனுக்குக் கொஞ்சம் மேல், சம்பளம். ஆறு மணி நேரம்தான் காவலில் வைத்தார்கள், மாட்டிறைச்சியும் பீரும் கொடுத்து மரியாதையாகவே நடத்தினார்கள். அவர் திருப்பி வழக்குப் போட்டார். ஜூரி கொடுத்த நஷ்டஈடு 300 பவுன்! கிட்டத்தட்ட ஐந்தரை வருடச் சம்பளம். அடித்தார்களா, சோறு போட்டார்களா என்பது முக்கியமில்லை, பெயரில்லாத வாரண்டோடு ஒருவரைத் தொட்டதே குற்றம் என்று அந்த ஜூரி நினைத்தது. இது சாதாரண விஷயமா?

---

மலர்விழி:

ஜேன், மேரி ஆன் இரண்டு பேரையும் ஒரு வரியில் கடந்து போய்விட்டீர்களே ஐயா. கணவரின் கடையை மனைவி பார்த்துக்கொண்டார் என்பதோடு முடிகிற கதையா அது? அவர்களுக்கு என்ன தண்டனை, என்ன ஆனார்கள் என்று சொல்லுங்கள்.

---

ஈயெழுத்து:

சரியான கேள்வி மலர்விழி.

ஜேன் கார்லைலுக்கு 1821இல் இரண்டு வருடம். கணவர் இருந்த அதே டார்செஸ்டர் சிறைக்கு அனுப்பினார்கள். மேரி ஆனுக்கு ஒரு வருடமும் 500 பவுன் அபராதமும். ஆக ஒரு குடும்பத்தில் மூன்று பேர் ஒரே சிறையில். ஜேனுக்கு அங்கேயே ஒரு பெண் குழந்தை பிறந்தது. ஹைப்பேஷியா என்று பெயர் வைத்தார்கள், அலெக்சாந்திரியாவில் கொல்லப்பட்ட அந்தக் கணித அறிஞரின் பெயர்.

இன்னொரு பெண்ணைப் பற்றியும் சொல்லவேண்டும். சுசன்னா ரைட், நாட்டிங்ஹாம் லேஸ் தொழிலாளி. கார்லைல் கடையில் நின்று விற்றதற்காக 1822இல் விசாரணை. கைக்குழந்தையோடு வந்து நீதிமன்றத்தில் தன் வழக்கைத் தானே வாதாடினார். வாதத்தை நிறுத்தச் சொல்லி நீதிபதி குறுக்கிட்டும் அவர் நிறுத்தவில்லை. தண்டனை முடிந்து ஊருக்குப் போனவர், 1826இல் நாட்டிங்ஹாமிலேயே சொந்தமாக அதே மாதிரி புத்தகக் கடை திறந்தார். ஒரு கூட்டம் வந்து கடையை மறித்துக் கலாட்டா செய்தது. அவர் நகரவில்லை.

சாட்சிக்கூண்டு சார் சொன்ன ஜூரி விஷயத்துக்கு வருகிறேன். ஹோன் வழக்கு அருமையான வழக்கு, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அதே ஜூரி முறைதான் கார்லைலையும், ஜேனையும், மேரி ஆனையும், சுசன்னாவையும் குற்றவாளி என்றது. வசதி படைத்தவர்களாகப் பார்த்துப் பொறுக்கியெடுத்த 'சிறப்பு ஜூரி' என்று ஒன்று வைத்திருந்தார்கள். ஃபாக்ஸ் சட்டம் வந்த 1792ஆம் வருடம் டிசம்பரிலேயே பெய்னை அவர் இல்லாத இடத்தில் விசாரித்துக் குற்றவாளி என்று சொன்னது அப்படிப்பட்ட ஒரு ஜூரிதான், எர்ஸ்கினே வாதாடியும்கூட. ஜூரி காப்பாற்றியவர்களும் உண்டு, கைவிட்டவர்களும் உண்டு. கைவிடப்பட்ட பிறகும் மறுநாள் காலையில் ஒருவர் வந்து கடையைத் திறந்தார் என்பதுதான் நான் சொல்ல வருவது.

---

பழுப்புத்தாள்:

ஒரு சந்தேகம். கார்லைல் மேல் போட்டது மத நிந்தனை வழக்கு. பெய்னின் புத்தகம் பைபிளை நேரடியாகத் தாக்குகிற புத்தகம். நம்பிக்கை உள்ளவர்கள் மனம் புண்படத்தானே செய்யும்? பீட்டர்லூவைப் பற்றி எழுதியதற்குத் தண்டித்தார்கள் என்றால் அது பத்திரிகைச் சுதந்திரப் பிரச்சினை. இதை அதோடு சேர்த்துப் பேசலாமா? நான் கடவுள் நம்பிக்கை உள்ளவன், மனதில் பட்டதைக் கேட்கிறேன்.

---

ஈயெழுத்து:

நியாயமான கேள்வி, நண்பரே. புண்படும் மனசை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் அன்று வழக்குப் போட்டவர்களுக்கு அதுதான் காரணமா என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது. அது விலை.

ஹ்யூமும் கிப்பனும் கிறிஸ்தவத்தைப் பற்றி எழுதியது பெய்னுக்குக் குறைந்ததில்லை. கனமான தொகுதிகள், கனமான விலை, கனவான்களின் நூலகத்தில் இருந்தன. யாரும் அவர்கள் மேல் வழக்குப் போடவில்லை. அரசியல் புத்தகத்துக்கும் இதே கதைதான். பெய்னின் 'ரைட்ஸ் ஆஃப் மேன்' முதல் பாகம் மூன்று ஷில்லிங்குக்கு (ஒரு ஷில்லிங் பன்னிரண்டு பென்ஸ்) விற்றவரை அரசு பேசாமல் இருந்தது. இரண்டாம் பாகமும் சேர்ந்து ஆறு பென்ஸ் பதிப்பாக வந்தபோதுதான் விழித்துக்கொண்டது. இதை நான் ஊகித்துச் சொல்லவில்லை. 1792 விசாரணையில் அரசுத் தலைமை வழக்கறிஞரே சொன்னார்: முதல் பாகம் விஷயம் தெரிந்த வாசகர்களோடு நின்றுவிடும் என்று நினைத்து விட்டுவிட்டேன், இது எல்லா வடிவத்திலும் எல்லார் கையிலும் திணிக்கப்படுகிறது, குழந்தைகளின் மிட்டாயைக்கூட இதில்தான் சுற்றிக் கொடுக்கிறார்கள் என்று. மிட்டாய் சுற்றுகிற தாளைப் பார்த்து ஒரு சாம்ராஜ்யம் பயந்தது.

டேனியல் ஐசக் ஈட்டன் என்ற முதியவரையும் சொல்லவேண்டும். 'ஏஜ் ஆஃப் ரீசன்' மூன்றாம் பாகம் என்று ஒன்றை வெளியிட்டதற்காக 1812இல் 18 மாதச் சிறை, கூடவே ஒரு முறை பில்லரியில் நிற்கவேண்டும். பில்லரி என்றால் கழுத்தையும் கையையும் மரச்சட்டத்தில் மாட்டித் தெருவில் நிறுத்துவது. கூட்டம் அழுகியதையெல்லாம் எடுத்து எறியும், கல்லடிபட்டுச் செத்தவர்களும் உண்டு. அன்று கூடிய கூட்டம் எதையும் எறியவில்லை. கைதட்டி வாழ்த்தியது. அந்தக் கூட்டத்திலும் நம்பிக்கை உள்ளவர்கள்தானே பெரும்பாலும் இருந்திருப்பார்கள்?

---

பழுப்புத்தாள்:

ஈட்டன் கதை யோசிக்க வைக்கிறது. விலை விஷயத்தை நான் இந்தக் கோணத்தில் பார்த்ததில்லை. ஆனாலும் மலிவாக விற்கிறவர் எழுத்துக்குக் கூடுதல் பொறுப்பு வேண்டும் என்ற எண்ணம் எனக்குப் போகவில்லை.

---

கணக்கப்பிள்ளை:

விலை என்று வந்துவிட்டதால் வரியைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. என்னைக் கேட்டால் நிந்தனைச் சட்டத்தைவிடப் பெரிய விலங்கு, செய்தித்தாளின் ஒவ்வொரு பிரதிக்கும் அரசு முத்திரை குத்தி வாங்கிய முத்திரை வரிதான்.

1712இல் ஆரம்பித்த வரி 1815இல் பிரதிக்கு நாலு பென்ஸ் என்று ஏறி நின்றது. ஒரு செய்தித்தாள் விலை ஏழு பென்ஸ். விவசாயக் கூலிக்கு வாரம் முழுக்க உழைத்தால் பத்து ஷில்லிங்கை ஒட்டிக் கிடைத்த காலம் அது. பீட்டர்லூவுக்குப் பிறகு எதிர்ப்பை அடக்க 1819 கடைசியில் வந்த ஆறு சட்டங்களில் ஒன்று, செய்தியோ அரசியல் கருத்தோ போட்டு ஆறு பென்ஸுக்குக் கீழே விற்கிற பத்திரிகைகளையும் இந்த வரிக்குள் இழுத்தது. பத்திரிகை நடத்த முன்கூட்டியே ஜாமீன் வேண்டும், லண்டனில் 300 பவுன், வெளியூரில் 200. இந்த ஏற்பாட்டில் யாரும் எந்தக் கருத்தையும் தடை செய்யவில்லை பாருங்கள். காசில்லாதவன் பத்திரிகை நடத்தவும் கூடாது, வாங்கவும் கூடாது, அவ்வளவுதான்.

இதை உடைக்க வந்தவர் ஹென்றி ஹெதரிங்டன். 1831 ஜூலையில் 'புவர் மேன்ஸ் கார்டியன்' வார இதழ், விலை ஒரு பென்னி, வரி கட்டாமல். இதழின் தலைப்பிலேயே சட்டத்துக்கு மாறாக வெளியிடப்படுகிறது என்று போட்டார். நியாயத்துக்கு எதிரில் வலிமை எவ்வளவு தூரம் செல்லும் என்று பார்ப்பதற்காக, என்று காரணமும் போட்டார். அரசு முத்திரை இருக்கவேண்டிய இடத்தில் ஒரு அச்சு இயந்திரத்தின் படம், 'அறிவே ஆற்றல்' என்ற வாசகம்.

விற்க ஆள் வேண்டும் என்று அதில் வந்த விளம்பரத்தைப் படித்துவிட்டு நான் கொஞ்ச நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தேன். வேலையில்லாத ஏழைகள் சில நூறு பேர் தேவை, இழப்பதற்கு ஒன்றுமில்லாதவர்கள், சிறையே பரவாயில்லை என்று தோன்றும் அளவுக்கு வறுமையில் தள்ளப்பட்டவர்கள் வரலாம் என்பது அதன் சாரம். வந்தார்கள். 1830 முதல் 1836 வரை வரியில்லாப் பத்திரிகை விற்றதற்காகத் தண்டனை பெற்றவர்கள் எழுநூறுக்கும் மேல், பெண்களும் சிறுவர்களும் உட்பட. அவர்கள் குடும்பங்களுக்கு உதவ ஒரு நிதி திரட்டினார்கள், அதுவும் பென்னி பென்னியாகத்தான் சேர்ந்தது. ஹெதரிங்டனே பலமுறை உள்ளே போனார். குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவினரைப் போல வேஷம் போட்டுக்கொண்டு போலீஸுக்கு டிமிக்கி கொடுத்ததும் உண்டு.

---

ஈயெழுத்து:

கணக்கப்பிள்ளை அண்ணே, நீங்கள் ஆரம்பித்ததால் ஜோசப் ஸ்வான் கதையை நான் சொல்லிவிடுகிறேன்.

மாக்கிள்ஸ்ஃபீல்டு ஊரில் தொப்பி செய்கிற தொழிலாளி. 1819இலேயே பிரசுரம் விற்றதற்கும் கூட்டத்தில் கலந்துகொண்டதற்கும் நாலரை வருடம் தண்டனை அனுபவித்தவர். 1831இல் 'புவர் மேன்ஸ் கார்டியன்' விற்றார் என்று மறுபடி பிடித்து மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்தினார்கள். என்ன சொல்லப் போகிறாய் என்று கேட்டார்கள். வேலை இல்லை, குடும்பம் பட்டினி கிடக்கிறது, அதனால் விற்கிறேன் என்றார். அதைவிடப் பெரிய காரணம் ஒன்றும் இருக்கிறது, ஜனங்கள் எப்படி ஏமாற்றப்படுகிறார்கள் என்பது அவர்களுக்குத் தெரியவேண்டும், அதற்காகவும் விற்கிறேன் என்றார். வாயை மூடு என்றார்கள். மூடமாட்டேன், ஒவ்வொருவரும் இதைப் படிக்கவேண்டும் என்றார். திமிராகப் பேசுகிறாய் என்று மூன்று மாதம் கடுங்காவல் கொடுத்தார்கள். அதற்கு ஸ்வான் சொன்னது: வெளியே வந்ததும் மறுபடி விற்பேன், முதல் பிரதியை உங்கள் வீட்டுக்கே கொண்டுவருவேன்.

இந்த மனிதர் பெயர்பெற்ற எழுத்தாளர் இல்லை. ஆனால் அன்று மாஜிஸ்திரேட் முன்னால் அவர் சொன்னது அச்சேறியது. அதை அச்சிட்டதும் அதே 'புவர் மேன்ஸ் கார்டியன்'தான்.

---

சாட்சிக்கூண்டு:

அந்த இதழின் முடிவையும் சொல்லவேண்டும். 1834 ஜூனில் நீதிபதி லிண்ட்ஹர்ஸ்ட் பிரபு முன்னால் விசாரணை. மூன்று வருடம் விற்றவர்களையெல்லாம் சிறையில் தள்ளிய பிறகு, இது சட்டப்படி 'செய்தித்தாள்' என்ற வரையறைக்குள்ளேயே வராது என்று ஜூரி முடிவு செய்தது! அதற்குப் பிறகு இதழின் தலைப்பில் வேறு வாசகம் போட்டார்கள். ஐந்நூறு பேருக்கு மேல் அநியாயமாகச் சிறையில் அடைக்கப்பட்டபின், இது முற்றிலும் சட்டபூர்வமான வெளியீடு என்று தீர்ப்பானது என்று.

ஜூரிதான் என்று நான் சொன்னது இதையும் சேர்த்துத்தான். ஆனால் அந்த ஐந்நூறு பேர் இல்லாவிட்டால் வழக்கு அங்கே வந்து சேர்ந்திருக்காது என்பதையும் மறுக்க மாட்டேன்.

---

மலர்விழி:

படிக்கப் படிக்க எனக்கு 'குடி அரசு' வழக்குதான் நினைவுக்கு வருகிறது. 1933இல் அதில் வந்த தலையங்கத்துக்காக ராஜத்துரோகத்துக்கான 124ஏ பிரிவில் பெரியாரைக் கைது செய்தபோது, கூடவே கைதானவர் அவர் தங்கை கண்ணம்மாள். அவர்தான் பத்திரிகையின் வெளியீட்டாளர். இரண்டு பேருக்குமே தண்டனை. மேரி ஆன் கார்லைலுக்கும் கண்ணம்மாளுக்கும் நடுவில் நூறு வருடத்துக்கும் மேல் இருக்கிறது, நிலைமை என்னவோ ஒன்றுதான். அண்ணன் எழுத்தின் பாரத்தில் பாதியைத் தங்கை சுமந்திருக்கிறார். கண்ணம்மாள் பெயரை எத்தனை பேர் சொல்கிறோம்?

---

ஈயெழுத்து:

சொல்லவேண்டிய பெயர். அதற்கு முன்னால் 1908இல் சென்னையில் 'இந்தியா' வழக்கையும் நினைத்துப் பாருங்கள். பத்திரிகையின் உயிர் பாரதி. ஆனால் சட்டத்தின் கண்ணுக்குப் பொறுப்பாளி, பதிவேட்டில் பெயர் இருந்த சீனிவாசன். பாரதி புதுச்சேரிக்குப் போய் அங்கிருந்து பத்திரிகையைத் தொடர்ந்தார், அது தமிழுக்குப் பெரிய லாபம். சீனிவாசனுக்கு ஐந்து வருடம். பாரதியை நான் குறை சொல்லவில்லை, அவர் போனதுதான் சரி. ஆனால் அந்த ஐந்து வருடமும் அந்த விலையின் ஒரு பகுதி.

இதன் வேரும் அங்கேதான் இருக்கிறது. 1799இல் இங்கிலாந்தில் ஒரு சட்டம் போட்டார்கள், அச்சாகிற ஒவ்வொரு தாளிலும் அச்சிட்டவர் பெயரும் முகவரியும் இருக்கவேண்டும் என்று. அதே ஏற்பாடு 1867 சட்டமாக இந்தியாவுக்கு வந்தது. இன்றும் பத்திரிகையின் கடைசிப் பக்கத்து அடியில் 'அச்சிட்டு வெளியிடுபவர்' என்று பொடி எழுத்தில் ஒரு வரி வருகிறதே, அது போலீஸ் யார் வீட்டுக் கதவைத் தட்டவேண்டும் என்பதற்காகப் பிறந்த வரி. நான் அச்சுக்கூடத்தில் அந்த வரியைக் கோத்திருக்கிறேன், அப்போது அதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

---

சாட்சிக்கூண்டு:

லண்டன் சங்கிலியும் சென்னைச் சங்கிலியும் ஒன்று என்பதற்கு ஒரே ஆளின் வாழ்க்கையே சாட்சி: அன்னி பெசன்ட்.

1877இல் அவரும் நாத்திகப் பத்திரிகையாளர் சார்லஸ் பிராட்லாவும் கருத்தடை பற்றி நோல்ட்டன் என்ற மருத்துவர் எழுதிய சிறு நூலை லண்டனில் வெளியிட்டார்கள். அதை விற்ற ஒரு புத்தகக் கடைக்காரர் அதற்கு முன்பே தண்டிக்கப்பட்டிருந்தார். இவர்கள் இன்ன நாள், இன்ன நேரம், இன்ன இடத்தில் விற்போம் என்று அதிகாரிகளுக்கு முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிட்டு விற்றார்கள். ஆறு மாதச் சிறை, 200 பவுன் அபராதம் என்று தண்டனை வந்தது. குற்றப்பத்திரிகையில் இருந்த ஓட்டையால் மறு வருடம் மேல்முறையீட்டில் ரத்தானது.

கிட்டத்தட்ட நாற்பது வருடம் கழித்து, 1916இல், அதே பெசன்டின் 'நியூ இந்தியா' பத்திரிகையிடம் சென்னையில் 2000 ரூபாய் ஜாமீன் கேட்டார்கள், 1910 பத்திரிகைச் சட்டத்தின் கீழ். கட்டினார். சில மாதத்தில் அதைப் பறிமுதல் செய்து 10,000 ரூபாய் கேட்டார்கள். 1819இல் கார்லைல் காலத்துப் பத்திரிகைகள் மேல் போட்ட ஜாமீன் முறை இங்கிலாந்தில் 1869இலேயே ஒழிந்துவிட்டது. தங்கள் ஊரில் வேண்டாம் என்று தூக்கிப் போட்டதை இங்கே கொண்டுவந்து மாட்டினார்கள்.

---

கணக்கப்பிள்ளை:

எல்லாம் சரி. ஆனால் ஈயெழுத்து தம்பியின் கட்சியில் ஒரு இடத்தில் எனக்கு உடன்பாடில்லை. விற்றவர்கள் சுதந்திரத்தை 'வாங்கித் தந்தார்கள்' என்கிறீர்கள். எதை வாங்கித் தந்தார்கள்? 1836இல் அரசு வரியை நாலு பென்ஸிலிருந்து ஒரு பென்னியாகக் குறைத்தது. கூடவே வரி கட்டாத பத்திரிகைகளைத் தேடிப் பறிமுதல் செய்யும் அதிகாரத்தைக் கூட்டியது. விளைவு என்ன? ஏழு பென்ஸ் பத்திரிகை ஐந்து பென்ஸ் ஆனது, நடுத்தர வர்க்கத்துக்கு லாபம். ஒரு பென்னிக்கு விற்ற ஏழைகளின் பத்திரிகைகள் ஒழிந்தன. ஹெதரிங்டனும் வரி கட்டி விலையை ஏற்றவேண்டி வந்தது. 1855இல் வரி முழுக்கப் போனபோது அந்த இடத்தைப் பிடித்தது ஸ்வானின் ஆட்கள் இல்லை, விளம்பரப் பணத்தில் ஓடிய வணிகப் பத்திரிகைகள். சிறைக்குப் போனவன் ஒருவன், அறுவடை செய்தவன் வேறொருவன்.

---

ஈயெழுத்து:

அண்ணே, 1836 பற்றி நீங்கள் சொன்ன ஒவ்வொரு தகவலும் சரி. அதை வெற்றி என்று கொண்டாட நானும் தயாரில்லை. அந்த எழுநூறு பேருக்கு அது துரோகம்தான்.

ஆனால் 1855க்கு வழி போட்டவர்கள் வேறு ஆட்கள் என்பதை ஏற்கமாட்டேன். ஜேம்ஸ் வாட்சன் என்று ஒருவர். 1822இல் லீட்ஸிலிருந்து கார்லைல் கடைக்குத் தொண்டராக வந்தவர். மறு வருடமே 12 மாதம் உள்ளே. அப்புறம் தானே அச்சுத் தொழில் கற்று வெளியீட்டாளர் ஆனார். 'புவர் மேன்ஸ் கார்டியன்' விற்றதற்காக 1833இல் ஆறு மாதம், அடுத்த வருடம் இன்னொரு ஆறு மாதம். 1849இல் முத்திரை வரியை ஒழிக்கக் குழு அமைத்தபோது அதிலும் அவர் இருக்கிறார். கார்லைல் கடையில் நின்ற அதே மனிதர் 1855இல் வரி ஒழிவதைக் கண்ணால் பார்த்தார். நடுவில் முப்பது வருடத்துக்கும் மேல் ஆகிவிட்டது.

வணிகப் பத்திரிகைகள் அறுவடை செய்தன என்பது உண்மை. ஆனால் அதே சட்ட மாற்றத்தால் வாட்சன் மாதிரி ஒரு சிறிய வெளியீட்டாளரும் வரி கட்டாமல், ஒளியாமல், தன் பெயரைப் போட்டுப் பத்திரிகை விற்கலாம் என்று ஆனது. வாசகன் எதை வாங்கினான் என்பது அடுத்த கேள்வி. 1831இல் அந்த வாசகனுக்கு ஒரு பென்னிப் பத்திரிகையைச் சட்டப்படி வாங்குவதற்கே வழி இல்லை. எனக்கு இந்த வித்தியாசம் பெரியது. உங்களுக்கு அது போதாது என்று தெரிகிறது, அந்த இடத்தில் நாம் இரண்டு பேரும் ஒத்துப்போகப் போவதில்லை.

---

கணக்கப்பிள்ளை:

போதாதுதான் தம்பி. ஆனால் வாட்சன் பற்றி நீங்கள் சொன்னது எனக்குப் புதுத் தகவல். இந்த ஆளைப் பற்றி இன்னும் படிக்கவேண்டும். சாட்சிக்கூண்டு சார், அந்த ஜாமீன் முறை 1869இல் எப்படிப் போனது என்று சொல்லாமல் விட்டுவிட்டீர்களே?

---

சாட்சிக்கூண்டு:

அதுவும் ஒரு வெளியீட்டாளர் செய்த வேலைதான். 1868இல் பிராட்லாவின் 'நேஷனல் ரிஃபார்மர்' மேல், ஜாமீன் கட்டவில்லை என்று அந்தப் பழைய சட்டத்தைத் தூசி தட்டி எடுத்து வழக்குப் போட்டார்கள். அதற்குள் பெரிய பத்திரிகைகள் பலவும் ஜாமீன் கட்டாமலேயே நடந்துகொண்டிருந்தன, அவற்றை யாரும் கேட்கவில்லை. பிராட்லா இதழின் முகப்பில் 'மாட்சிமை தங்கிய மகாராணியின் அரசை மீறி வெளியிடப்படுகிறது' என்று அச்சிட்டார். வழக்கறிஞர் வைக்காமல் தானே வாதாடினார். வழக்கு ஒரு அரசில் ஆரம்பித்து அடுத்த அரசுக்கும் நீண்டது. 1869இல் சட்டத்தையே ரத்து செய்துவிட்டு வழக்கையும் கைவிட்டார்கள். ராஜ நிந்தனைக் குற்றம் மட்டும் அங்கே சட்டப் புத்தகத்தில் 2009 வரைக்கும் இருந்தது.